ஒரு கோடு ஆவணம், மறுகோடு மதிப்பீடு: அமெரிக்க, ரஷ்ய அணுகுண்டுக் கையிருப்பை ஒப்பிடும்போது

அணு ஆயுதங்களைப் பற்றி எங்கே கட்டுரை வந்தாலும் கூடவே ஒரு வரைபடமும் வந்துவிடும். அதில் இரண்டு கோடுகள். நீலம் அமெரிக்கா. சிவப்பு சோவியத் ஒன்றியம்; 1991-க்குப் பிறகு ரஷ்யா. நீலக் கோடு 1945-இல் 2 குண்டுகளில் தொடங்கி, 1967-இல் 31,255-ஐத் தொட்டு, பிறகு இறங்குகிறது. சிவப்புக் கோடு 1949-இல் கிளம்பி, நிதானமாக ஏறி, 1986-இல் சுமார் 40,000-இல் உச்சம் கண்டு, அங்கிருந்து சரிகிறது. இன்று இரண்டும் நாலாயிரத்தை ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

பார்த்தவுடன் மனதில் பதிவது ஓர் எளிய கதை: போட்டி போட்டு ஏறினார்கள், பனிப்போர் முடிந்ததும் சேர்ந்து இறங்கினார்கள். அந்தக் கதை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கோடுகளும் ஒரே வகையான தகவலால் ஆனவை என்று நினைத்துக்கொண்டு படித்தால் பாதி விஷயம் கைநழுவிவிடும்.

நீலக் கோட்டில் இருப்பவை அமெரிக்க அரசே வெளியிட்ட எண்கள். 1961 வரையிலான கணக்கு முன்பே வெளிவந்திருந்தது. 2010 மே மாதம் ஒபாமா அரசு மீதி ஆண்டுகளையும் சேர்த்து வெளியிட்டது; 2009 செப்டம்பர் 30 நிலவரப்படி 5,113 குண்டுகள் என்று அதில் இருந்தது. சிவப்புக் கோட்டுக்கு இப்படி ஓர் ஆவணம் கிடையாது. மாஸ்கோவில் ஆட்சி செய்த எந்த அரசும் ஆண்டுவாரிப் பட்டியல் வெளியிட்டதில்லை. அந்தக் கோட்டை வரைந்தவர்கள் வெளியில் இருக்கும் ஆய்வாளர்கள். ஏவுகணைத் தளங்களின் செயற்கைக்கோள் படங்கள், நீர்மூழ்கிகளில் உள்ள ஏவுகுழாய்களின் எண்ணிக்கை, ஒப்பந்தங்களின்படி பகிரப்பட்ட தரவுகள், முன்னாள் அதிகாரிகள் சொன்னவை, உளவுத்துறை அறிக்கைகளில் ரகசியம் நீக்கப்பட்ட பகுதிகள் என எல்லாவற்றையும் கோத்து உருவாக்கிய மதிப்பீடு அது. அமெரிக்க அறிவியலாளர் கூட்டமைப்பும் ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனமும் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. அவர்களுடைய உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இருந்தாலும் அது மதிப்பீடுதான்.

இதன் விளைவைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும். 1986-இல் சோவியத் கையிருப்பு 45,000 என்றுதான் நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. பின்னர் அதே ஆய்வாளர்கள் கணக்கைத் திருத்தி சுமார் 40,000 என்று குறைத்தார்கள். வித்தியாசம் ஐயாயிரம் குண்டுகள். ரஷ்யப் படைகளின் கையிருப்பில் 2025 ஜனவரியில் இருந்ததாகச் சிப்ரி சொல்லும் எண் 4,309. அதாவது பழைய உச்சத்தில் செய்த ஒரு திருத்தம், இன்றைய முழுக் கையிருப்பை விடப் பெரியது. வரைபடத்தில் இந்த நிச்சயமின்மை எங்கும் தெரியாது. கோட்டின் தடிமன் இரண்டு நாடுகளுக்கும் ஒன்றாகவே இருக்கும்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. ஏவுகணையின் முனையில் பொருத்துவது, விமானத்திலிருந்து போடுவது, கடலடியிலிருந்து ஏவுவது என எல்லா வகை அணுவெடிப்புச் சாதனங்களையும் இந்தக் கட்டுரையில் குண்டு என்றே சொல்கிறேன். ஏவுகணை வேறு, குண்டு வேறு. ஒரே ஏவுகணையில் பத்துக் குண்டுகள் இருக்கலாம். இந்த வேறுபாடு பின்னால் மிகவும் முக்கியமாகப் போகிறது.

ஏறிய விதம்

இரு நாடுகளும் சேர்ந்தே ஏறினார்கள் என்ற எண்ணத்தை முதலில் சரிபார்ப்போம். அமெரிக்காவிடம் 1950-இல் 299 குண்டுகள் இருந்தன. 1955-இல் 2,422. 1958-இல் 7,345. 1960-இல் 18,638. கடைசி இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தால் இரண்டே ஆண்டுகளில் 11,293 குண்டுகள் கூடியிருக்கின்றன. ஒரு நாளைக்குப் பதினைந்து. பகைநாட்டின் கையிருப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பதிலுக்குச் செய்யும் வேகம் இது இல்லை. தொழிற்சாலைகள் முழு வீச்சில் ஓடியதாலும், தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றும் தனக்கென்று தனி வகைக் குண்டு கேட்டதாலும் வந்த வேகம். விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் ஏவுகணையில் அணுகுண்டு, பீரங்கிக் குண்டில் அணுகுண்டு, நிலக்கண்ணியில் அணுகுண்டு, நீர்மூழ்கிகளை அழிக்கும் கடலடிக் குண்டிலும் அணுகுண்டு என்று போனது அந்தக் காலம்.

அதே ஆண்டுகளில் சோவியத் பக்கம் எப்படி இருந்தது? 1962-இல், கியூப ஏவுகணை நெருக்கடி நடந்தபோது, அமெரிக்காவின் எண் 25,540. சோவியத்தின் எண், இன்றைய மதிப்பீட்டின்படி, மூவாயிரத்துச் சொச்சம். ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில், சோவியத் ஒன்றியம் ஏவுகணையில் முந்திவிட்டது என்பதே பெரிய பிரசாரமாக இருந்தது. ஜான் கென்னடி அதை மேடைதோறும் பேசினார். 1960 ஆகஸ்டில் கொரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் முதன்முதலாகப் படச்சுருளைப் பூமிக்கு அனுப்பியது. 1961 செப்டம்பரில் அமெரிக்க உளவுத்துறை தன் மதிப்பீட்டைத் திருத்தி, சோவியத் மண்ணில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளை ஏவும் தளங்கள் 10 முதல் 25 வரைதான் என்று எழுதியது. அதற்குள் அமெரிக்காவின் உற்பத்தி விரிவாக்கத் திட்டங்கள் உறுதியாகிவிட்டிருந்தன.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு நாடுகளின் கையிருப்பு ஒப்பீடு என்பது பிற்காலத்தில் வரலாற்றாசிரியர்கள் செய்யும் கணக்கு மட்டுமில்லை; அந்தந்தக் காலத்தில் அது முடிவுகளை உருவாக்கிய விசை. தவறான ஒப்பீடு ஒரு நாட்டை ஆயிரக்கணக்கான குண்டுகள் செய்ய வைக்கிறது. அவற்றைப் பார்த்து மறுநாடு தன் பங்குக்குச் செய்கிறது. கியூபாவில் வைத்த ஏவுகணைகளைத் திரும்ப எடுக்க நேர்ந்த பிறகு சோவியத் தலைமை உற்பத்தியைக் கூட்டியது. அந்தப் பெருக்கம் முழு உருவம் எடுக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதனால்தான் இரண்டு உச்சிகளுக்கும் இடையே 19 ஆண்டு இடைவெளி. 1967-இல் அமெரிக்கா உச்சத்தில் இருந்து இறங்கத் தொடங்கிவிட்டது. ஒப்பந்தம் எதுவும் காரணமில்லை. வான்பாதுகாப்புக்கும் போர்க்களத்துக்கும் என்று குவித்த குண்டுகள் பலவற்றால் பயனில்லை என்று படைகளே உணர்ந்து விலக்கின. 1986-இல், உலகின் மொத்தக் கையிருப்பு வரலாற்றிலேயே மிக அதிகமாக, சுமார் 64,000-ஐ எட்டியபோது, அமெரிக்காவின் பங்கு 23,317. தன் உச்சத்தைவிடக் கால் பங்கு குறைவு. அந்த ஆண்டின் உலக உச்சம் சோவியத் ஏற்றத்தால் வந்தது. 1970-களின் இறுதியில் சிவப்புக் கோடு நீலக் கோட்டைத் தாண்டிச் சென்றது.

எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுவதில் இன்னொரு பிசகும் உண்டு. அமெரிக்கக் குண்டுகளின் மொத்த வெடிப்பாற்றல் உச்சத்தைத் தொட்டது 1967-இல் இல்லை, 1960-இல். சுமார் 20,500 மெகாடன்; ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் வெடிமருந்தின் ஆற்றல். ஹிரோஷிமாவில் போட்ட குண்டு 15 கிலோடன், அதாவது பதினைந்தாயிரம் டன் அளவு. இந்த மொத்தம் அதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். அதன்பிறகு குறி துல்லியமாகத் துல்லியமாகக் குண்டுகள் சிறியவையாயின. எண்ணிக்கை கூடிக்கொண்டிருந்தபோதே மெகாடன் இறங்கியது. எதை அளந்தால் உச்சம் எப்போது என்ற விடையே மாறிவிடுகிறது.

எதை எண்ணுகிறோம்?

சிப்ரியின் 2025 ஜனவரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மொத்தம் 5,177. ரஷ்யாவின் மொத்தம் 5,459. இந்த மொத்தத்துக்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

ஏவுகணைகளில் பொருத்தியோ விமானத் தளங்களில் தயாராகவோ நிற்பவை முதல் அடுக்கு: அமெரிக்கா 1,770, ரஷ்யா 1,718. அவற்றோடு கிடங்கில் இருக்கும் இருப்பையும் சேர்த்தால் படைகளின் கையிருப்பு: அமெரிக்கா 3,700, ரஷ்யா 4,309. அதற்கும் மேலே, பணியிலிருந்து விலக்கப்பட்டு, பிரித்தெடுக்கக் காத்திருப்பவை: அமெரிக்கா 1,477, ரஷ்யா 1,150. காத்திருப்பவையும் முழுக் குண்டுகள்தான். பிரித்து முடிக்கும்வரை அவை உலகத்தில் இருக்கின்றன.

செய்திகளில் நடக்கும் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். ஒரு நாட்டுக்கு இரண்டாவது அடுக்கையும் மற்ற நாட்டுக்கு மொத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டுவிடுகிறார்கள். அமெரிக்க அரசு வெளியிடும் எண் படைகளின் கையிருப்பை மட்டுமே காட்டும். 2023 செப்டம்பருக்கான அதிகாரபூர்வ எண் 3,748. பிரிக்கக் காத்திருந்த சுமார் 2,000 அதில் சேரவில்லை. அந்த 3,748-ஐ ரஷ்யாவின் ஐயாயிரத்துச் சொச்சத்தின் பக்கத்தில் வைத்தால் ரஷ்யா வெகுவாக முந்தியிருப்பதுபோல் தோன்றும். அடுக்கை அடுக்கோடு வைத்தால் இடைவெளி சில நூறுதான்.

அந்தச் சில நூறுக்கும் ஒரு முகம் உண்டு. ரஷ்யாவிடம் போர்க்களப் பயன்பாட்டுக்கான குறுந்தூர அணுகுண்டுகள் சுமார் 1,500 இருப்பதாக மதிப்பீடு. அமெரிக்காவிடம் அந்த வகையில் சுமார் 200. அவற்றில் ஏறத்தாழ பாதி ஐரோப்பாவில் உள்ள நேட்டோ தளங்களில். தொலைதூர ஆயுதங்களைக் கட்டுப்படுத்திய ஒப்பந்தங்கள் எதுவும் இந்தக் குறுந்தூர வகையைத் தொடவில்லை. ஆகவே ரஷ்யக் கணக்கின் மிக மங்கலான பகுதியும் இதுவே. ஏவுகுழியைச் செயற்கைக்கோளில் பார்க்கலாம். கிடங்குக்குள் இருக்கும் குண்டைப் பார்க்க முடியாது.

கையிருப்பு என்பது ஓர் ஆண்டின் கடைசி நாள் எண். உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்பதை அது சொல்லாது. இதில் இரண்டு நாடுகளும் வெகுவாக வேறுபடுகின்றன. அமெரிக்காவில் குண்டின் புளூட்டோனிய மையத்தைச் செய்துவந்த ராக்கி ஃபிளாட்ஸ் ஆலை 1989-இல் நின்றுபோனது; அதன்பிறகு பெருமளவில் புதுக் குண்டு செய்யப்படவில்லை. இருப்பவற்றின் ஆயுளைப் புதுப்பித்து நீட்டுவதே வேலை. ரஷ்யக் குண்டுகளின் பணிக்காலம் குறைவு. அவற்றைத் தொடர்ந்து பிரித்து மீண்டும் செய்வது அங்குள்ள வழக்கம். எனவே ரஷ்யக் கோடு சில ஆண்டுகள் அசையாமல் கிடந்தால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

இறங்கிய விதம்

அமெரிக்கக் கையிருப்பு 1990-இல் 21,392. 1994-இல் 10,979. நான்கு ஆண்டுகளில் பாதி. எல்லாரும் இதை, தொலைதூர அணு ஆயுதங்களைக் குறைக்கும் ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் பலன் என்று எழுதுவார்கள். அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷும் சோவியத் அதிபர் கோர்பச்சேவும் 1991 ஜூலை 31 அன்று மாஸ்கோவில் அதில் கையெழுத்திட்டது உண்மை. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1994 டிசம்பர் 5. பாதி குறைந்து முடிந்த பிறகு!

குறைத்தது வேறொன்று. 1991 ஆகஸ்டில் கோர்பச்சேவைக் கவிழ்க்கச் சதி நடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்தால், பல குடியரசுகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான போர்க்களக் குண்டுகள் யார் கையில் போகும் என்ற அச்சம் எழுந்தது. செப்டம்பர் 27 அன்று புஷ் தொலைக்காட்சியில் பேசினார்: தரைப்படையின் குறுந்தூர அணுகுண்டுகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறோம், கப்பல்களிலிருந்தும் இறக்குகிறோம். பேச்சுவார்த்தையோ ஒப்பந்தமோ இல்லாமல், தன்னிச்சையான அறிவிப்பு. எட்டே நாளில், அக்டோபர் 5 அன்று, கோர்பச்சேவ் அதற்கு இணையான அறிவிப்பைச் செய்தார். அணு ஆயுத வரலாற்றின் மிகப் பெரிய குறைப்புகளில் ஒன்று இப்படி இரண்டு உரைகளில் முடிந்தது.

என்னை மிகவும் நெகிழவைக்கும் நிகழ்வு இது. அதே சமயம் கணக்குப் பார்ப்பவரைச் சங்கடப்படுத்தும் நிகழ்வும் இதுவே. ஒப்பந்தம் இல்லாததால் சரிபார்ப்பும் இல்லை. அமெரிக்கா எத்தனை பிரித்தது என்பது பிற்பாடு ஆவணமாக வந்துவிட்டது. ரஷ்யா எத்தனை பிரித்தது, எத்தனையைக் கிடங்கில் வைத்தது என்பதை எவரும் நேரில் எண்ணியதில்லை. சிவப்புக் கோட்டின் 1990-கள் சரிவு பெரும்பாலும் அனுமானத்தால் வரைந்தது.

அந்த அனுமானத்துக்குப் பின்னால் கெட்டியான சான்று ஒன்றும் இருக்கிறது. 1993-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ரஷ்யக் குண்டுகளிலிருந்து எடுத்த 500 டன் உயர்செறிவு யுரேனியத்தைச் செறிவு குறைத்து, அமெரிக்க அணுமின் நிலையங்களுக்கு எரிபொருளாக விற்றார்கள். 2013 வரை, இருபது ஆண்டுகள் அது நடந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு, ஒருகாலத்தில் அமெரிக்க நகரங்களையே குறிவைத்திருந்த குண்டுகளின் யுரேனியத்திலிருந்து வந்தது. இந்தத் திட்டம் 20,000 குண்டுகளை ஒழித்தது என்று எழுதுவார்கள். அந்த 20,000 எப்படி வந்தது? ஒரு குண்டுக்கு 25 கிலோ என்று வைத்துக்கொண்டு 500 டன்னை வகுத்தால் வரும் விடை அது. யுரேனியத்தை எடை போட்டார்கள், குண்டுகளை எண்ணவில்லை. போட்ட எடை உறுதியானது, வகுத்து வந்த எண் தோராயமானது. இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் இதைவிட நல்ல சான்று இல்லை.

உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் மூன்றும் 1996-க்குள் தங்கள் மண்ணில் இருந்த எல்லாக் குண்டுகளையும் ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டன. சோவியத் எண்ணும் ரஷ்ய எண்ணும் ஒரே கோடாகத் தொடர முடிவது இதனால்தான்.

அதன்பிறகு அமெரிக்காவின் கோடு சுமார் பத்து ஆண்டுகள் பத்தாயிரத்தை ஒட்டியே கிடந்தது. 2003-இல் 10,027 இருந்தது, 2007-இல் 5,709 ஆனது. இந்த இரண்டாவது பெரிய இறக்கமும் வாஷிங்டன் தானே எடுத்த முடிவு. ஒபாமா காலத்தில் இறக்கம் மெதுவானது. 2018-இல் 3,785, 2019-இல் 3,805 என்று ஓர் ஆண்டு இருபது கூடவும் செய்தது. இப்போது கோடு ஏறக்குறையத் தட்டையாகிவிட்டது.

எண்ணக் கற்றுக்கொண்டது

தொலைதூர அணு ஆயுதங்களுக்கு வரம்பு விதிக்க 1970-களின் தொடக்கத்தில் நடந்த முதல் சால்ட் பேச்சுவார்த்தையில் ஒரு விசித்திரம் இருந்தது. சோவியத் ஆயுதங்களின் எண்ணிக்கையைச் சொன்னவர்கள் அமெரிக்கர்கள். சோவியத் தரப்பு தன் எண்களைச் சொல்லவே இல்லை. சோவியத் தூதுக்குழுவில் இருந்த ராணுவ அதிகாரி ஒகார்கோவ், அமெரிக்கப் பிரதிநிதி ஒருவரைத் தனியே அழைத்து, எங்கள் ஆயுத விவரங்களை எங்கள் சிவிலியன் சகாக்கள் முன்னால் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது. சொந்த நாட்டின் ராஜதந்திரிகளுக்கே தெரியாத எண்கள்! இரண்டாம் சால்ட் பேச்சில் சோவியத் தரப்பு முதன்முதலாகத் தன் எண்களை எழுத்தில் தர ஒப்புக்கொண்டது. அதைக் கொடுத்தபோது அவர்களுடைய தலைமைப் பேச்சாளர் செம்யோனோவ், நானூறு ஆண்டு ரஷ்ய வரலாற்றை இப்போது நீங்கள் ரத்துசெய்துவிட்டீர்கள் என்ற பொருளில் சொன்னாராம்.

அங்கிருந்து நேரில் போய் எண்ணும் நிலைக்கு வர இன்னும் பத்து ஆண்டுகள். 1987 டிசம்பர் 8 அன்று ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தம் அதைத் தொடங்கிவைத்தது. 1991-க்குள் அமெரிக்காவின் 846, சோவியத்தின் 1,846, ஆக 2,692 ஏவுகணைகள் மறுதரப்பின் ஆய்வாளர்கள் பார்க்க அழிக்கப்பட்டன. ரஷ்யாவில் வோட்கின்ஸ்க் ஏவுகணை ஆலை வாசலில் அமெரிக்கர்களும், யூட்டா மாநிலத்தில் மேக்னா ஆலை வாசலில் ரஷ்யர்களும் பதின்மூன்று ஆண்டுகள் காவல் இருந்தார்கள். ஆனால் கையிருப்புக் கோட்டைப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏவுகணையை அழிக்கும் முன் அதிலிருந்த அணுவெடிப்புச் சாதனத்தைக் கழற்றி எடுத்துக்கொள்ள அந்த ஒப்பந்தம் அனுமதித்தது. 2,692 ஏவுகணைகள் அழிந்தன. ஒப்பந்தத்தின் பேரில் ஒரு குண்டுகூட அழிய வேண்டியிருக்கவில்லை.

பின்னால் வந்த ஒப்பந்தங்களிலும் இதே நிலைதான். ஸ்டார்ட் ஒப்பந்தத்தின்படி விலக்கிய பி-52 குண்டுவீச்சு விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் ராட்சதக் கத்தியால் துண்டுகளாக வெட்டி, ரஷ்யச் செயற்கைக்கோள்கள் பார்ப்பதற்காகத் தொண்ணூறு நாள் வெட்டவெளியில் விட்டுவைத்தார்கள். அவை சுமந்த குண்டுகளை அப்படிக் காட்டவில்லை. டெக்சாஸில் அமரில்லோ நகருக்கு அருகே பான்டெக்ஸ் ஆலையில் குண்டுகள் பிரிக்கப்படும்போது வெளிநாட்டு ஆய்வாளர் யாரும் உடனிருப்பதில்லை. பிரித்தெடுத்த புளூட்டோனிய மையங்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே கிடங்கில் இருக்கின்றன.

2010-இல் பிராகாவில் கையெழுத்தான நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம்தான் குண்டுகளை எண்ணுவதில் மிக நெருங்கிப் போனது. ஆய்வுக்குழு தளத்துக்கு வந்து இறங்கும். அங்கே எத்தனை ஏவுகணைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை குண்டுகள் என்று தளத்தின் அதிகாரி எழுத்தில் சொல்வார். குழு தனக்கு விருப்பமான ஏவுகணை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதன் மூக்குப் பகுதி மூடியைக் கழற்றிக் காட்டுவார்கள். வடிவ ரகசியம் தெரியாதபடி ஒவ்வொரு குண்டின் மேலும் உறை போட்டிருக்கும். உறை போட்ட உருவங்களை ஆய்வாளர்கள் எண்ணுவார்கள். அவற்றில் ஒன்றில் குண்டே இல்லை என்று தளம் சொன்னால், கதிரியக்கக் கருவியை வைத்துச் சோதிப்பார்கள். சொன்ன எண்ணும் பார்த்த எண்ணும் பொருந்த வேண்டும். இப்படி ஆண்டுக்கு 18 ஆய்வுகள் வரை. இரு தரப்பும் சேர்ந்து 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகள் நடத்தின. ஒவ்வொரு ஏவுகணைக்கும் தனி அடையாள எண் இருந்தது. அது இடம் மாறினால் மறுதரப்புக்குச் சில நாட்களுக்குள் தகவல் போகும். அந்த அறிவிப்புகள் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டின.

எதிரிகள் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய் எண்ணிப் பார்த்து, கைகுலுக்கித் திரும்பிய அந்த வழக்கத்தை மனிதகுலத்தின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

அந்த எண்ணிக்கையிலும் விதிகள் உண்டு, அவற்றைத் தெரிந்தே படிக்க வேண்டும். நியூ ஸ்டார்ட் கணக்கில் ஒரு குண்டுவீச்சு விமானம் என்றால் ஒரே குண்டு. பி-52 இருபது ஏவுகணைகள் வரை சுமக்கக்கூடியது. கணக்கில் அது ஒன்றுதான். ஏவத் தயாராக நிற்கும் குண்டுகளுக்கு ஒப்பந்தம் விதித்த வரம்பு 1,550 என்பது உண்மையில் அதற்கும் சற்று மேல்தான் போகும். கடைசியாக இரு தரப்பும் தரவு பகிர்ந்தது 2022 செப்டம்பர். அமெரிக்கா 659 ஏவுசாதனங்களில் (ஏவுகணைகள், குண்டுவீச்சு விமானங்கள்) 1,420 குண்டுகள். ரஷ்யா 540-இல் 1,549. ரஷ்யா அதிகம் என்று தோன்றும். ஆனால் ஏவுசாதனம் அதிகம் உள்ள பக்கத்துக்குத் தேவைப்பட்டால் கிடங்கிலிருந்து எடுத்து ஏற்ற இடம் அதிகம். அமெரிக்கா தரையிலிருந்து கண்டம் விட்டுக் கண்டம் பாயும் தன் மினிட்மேன் ஏவுகணைகளில் மூன்று வரை பொருத்தக்கூடிய இடத்தில் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறது. அந்த 2022 எண்ணில் ரஷ்யா மேலே. சில மாதங்களில் எட்டக்கூடிய எண்ணில் அமெரிக்கா மேலே. இருவரும் மற்றவரைக் கண்டு கவலைப்பட ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். இரண்டு காரணமும் கணக்கில் இருந்தே வருகிறது.

மீண்டும் மங்கும் கோடு

நேரடி ஆய்வுகள் கொரோனா தொற்றால் 2020 மார்ச்சில் நின்றன. திரும்பத் தொடங்கவே இல்லை. உக்ரைன் போரின் நடுவே, 2023 பிப்ரவரி 21 அன்று, நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் பங்கேற்பதை நிறுத்திவைப்பதாகப் புதின் அறிவித்தார். தரவுப் பகிர்வும் அத்தோடு நின்றது. 2023 மார்ச்சுக்கான தன் எண்களை அமெரிக்கா தானாகவே வெளியிட்டது: 662 ஏவுசாதனங்களில் 1,419. மாஸ்கோவிடமிருந்து பதில் எண் வரவில்லை. ஒப்பந்தத்தின் காலம் 2026 பிப்ரவரி 5 வரைதான். ஒரு முறைக்கு மேல் நீட்டிக்க முடியாது என்பது அதிலேயே இருந்த விதி.

அமெரிக்கப் பக்கமும் எப்போதும் திறந்தே இருந்ததில்லை. 2019-இல் டிரம்ப் அரசு ஆண்டு எண்ணை வெளியிட மறுத்தது; 2021 அக்டோபரில் பைடன் அரசு விட்டுப்போன ஆண்டுகளையும் சேர்த்து வெளியிட்டது. ஆவணம் என்று நான் சொன்ன நீலக் கோடும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஓர் அதிகாரி எடுக்கும் முடிவால் நீள்வதுதான்.

இனி ரஷ்ய எண்ணை மதிப்பிடுகிறவர்கள் 1980-களின் முறைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஏவுகுழிகளையும் நீர்மூழ்கிகளையும் வானிலிருந்து எண்ணி, ஒவ்வொன்றிலும் எத்தனை ஏற்றியிருப்பார்கள் என்று பெருக்க வேண்டும். ஏவுகணைகளின் எண்ணிக்கை அநேகமாகச் சரியாகவே கிடைக்கும், ஏனென்றால் படங்கள் முன்பைவிடத் தெளிவானவை, வணிகச் செயற்கைக்கோள்கள் அன்றாடம் எடுக்கின்றன. பெருக்கும் எண்தான் சிக்கல். மூக்குப் பகுதி மூடிக்குள் நான்கா, ஆறா, பத்தா என்பதை எந்தப் படமும் காட்டாது. ஓர் ஏவுகணைக்கு இரண்டு என்று பிசகினாலே முந்நூறு ஏவுகணைகளில் அறுநூறு குண்டு வித்தியாசம் வந்துவிடும். ஆய்வு நிறுவனங்கள் வழக்கம்போல் ஒற்றை எண் வெளியிடும். செய்திகள் அதையே எடுத்துப் போடும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கூடுதல், குறைவு வரம்பையும் அச்சிட்டால், படிக்கிறவர்களுக்கு 2022-க்கு முன்பும் பின்பும் தங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு மாறியிருக்கிறது என்பது கண்ணில் படும். அதை இப்போதே தொடங்க வேண்டும்.